ஆற்றுக்குக் கீழே ஒரு வீடு

பஸ் என்னை ஒரு மேட்டின் உச்சியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இடது பக்கம் ஆறு. வலது பக்கம், நல்ல பள்ளத்தில், வீடுகளின் கூரைகள். ஒரு வீட்டின் புகைபோக்கி என் இடுப்பளவு உயரத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தது. ஆறு மேலேயும் ஊர் கீழேயுமாக இருக்கிற ஓர் இடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயணக் களைப்பில் தலை சுற்றுகிறதோ என்று சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற பழக்கம் கிடையாது. அவர் சூட்கேஸைத் தூக்கி சைக்கிளின் பின் கரியரில் வைத்து, கறுப்பு றப்பர் பட்டியால் இழுத்துக் கட்டினார்.

"என்ன பிள்ளை, கல்லே கொண்டு வந்தனி?"

"மாவும் தூளும்தான்."

"இஞ்சையும் கடையிருக்கு," என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். காற்று முகத்தில் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை.

அவர் ஜேர்மனிக்கென்று புறப்பட்டு ஒல்லாந்தில் நின்றுவிட்டவர். அகதியாக ஏற்றுக்கொண்டபிறகு ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை என்று இந்த ஊருக்கு அனுப்பினார்களாம். வேலை முடிந்து ஓய்வு எடுத்தபிறகும் இங்கேதான். கலியாணம் கட்டவில்லை. நான் கலியாணம் கட்டி மொன்றியலுக்குப் போனேன். கடைசியாக நாங்கள் நேரில் பார்த்தது அம்மாவின் செத்தவீட்டில். அந்தச் சனத்துக்குள் இரண்டு வார்த்தை ஒழுங்காகக் கதைக்கவில்லை. ஊரின் பெயரை அண்ணை எத்தனையோ தரம் சொல்லித் தந்திருக்கிறார். நடுவில் வரும் ஓர் எழுத்தைத் தொண்டையைச் செருமுவதுபோல் சொல்லவேண்டும். எனக்கு வரவே இல்லை.

நான் சும்மா பார்க்கப் போகவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். என் கணவர், இவர், செத்துப்போய் இரண்டாவது குளிர்காலம் அது. மகள் வன்கூவரில். மொன்றியலின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸ் வீட்டில் மூன்று அறையும் பேஸ்மென்டும் நானும். மற்றப்பக்கம், உலகத்தின் எங்கோ ஒரு சேற்று மூலையில், தமிழ்ச் சத்தமே இல்லாமல் தனியே இருக்கிற என் அண்ணை. "பாவம், அவருக்கு ஒருத்தரும் இல்லை" என்று வருடக்கணக்காகக் கோயிலில் சந்திக்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அது எனக்குள் ஊறிப்போயிருந்தது. அவரும் தனி, நானும் தனி, பிறகு எதற்கு இரண்டு வீடு என்பது என் கணக்கு.

மேட்டிலிருந்து சரிவாக இறங்குகிற பாதையின் முடிவில் அவருடைய வீடு. சின்ன வீடுதான், ஆனால் துப்புரவு. நான் அழுக்குச் சட்டைகளையும் கழுவாத கோப்பைகளையும் எதிர்பார்த்து, கையுறை கூடக் கொண்டுபோயிருந்தேன். குசினி யன்னலில் மூன்று பூச்சட்டிகள். சுவரில் கலண்டர், அதில் அவருடைய எழுத்தில் ஒல்லாந்து மொழியில் ஏதேதோ குறிப்புகள். யன்னலோரம் இருந்த கதிரையில் போய் இருந்தேன். வெளியே பச்சை வயல், அதைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு நேரான வாய்க்கால்கள், ஒவ்வொன்றிலும் விளிம்பு முட்டத் தண்ணீர்.

"இது முழுக்க ஒரு காலத்திலை தண்ணியும் சேறும்தான்," என்றார் அண்ணை. "சுத்திவர அணை கட்டி, உள்ளுக்கை நிண்டதை இறைச்சுப்போட்டுத்தான் ஆக்கள் குடியிருந்தவை. போல்டர் எண்டு சொல்லுறது. இண்டைக்கும் இறைச்சுக்கொண்டுதான் இருக்கினம். அங்கை தெரியுது பார், அந்தச் செங்கல் கட்டடம், அதுக்குள்ளைதான் பம்ப்."

"பம்ப் நிண்டால்?"

"மெல்ல மெல்லக் குசினிக்குள்ளை வரும்."

அதை அவர் பாண் வெட்டிக்கொண்டு சொன்னார்.

அடுத்தநாள் காலை புட்டு அவித்தேன். அண்ணை நன்றாகச் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்று இரண்டு தரம் சொன்னார். மத்தியானம் நான் கறியை அடுப்பில் வைக்குமுன் இரண்டு துண்டு பாணுக்குச் சீஸ் வைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். "பழகிப்போச்சு," என்றார். நான் வெங்காயம் வெட்டிய கையோடு நின்றேன்.

அதற்கிடையில் பத்து மணிக்கு ஒரு விசயம் நடந்தது. பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்கார மனுசி வந்தா. எழுபதைத் தாண்டியிருக்கும், அண்ணையைவிட உயரம். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, எனக்குக் கை தந்துவிட்டு, நேரே யன்னலோரக் கதிரைக்குப் போனா. அதில் என் சால்வை கிடந்தது. ஒரு கணம் நின்றா. பிறகு வேறொரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. அப்போதுதான் அந்தக் கதிரையின் குஷனைக் கவனித்தேன். பல வருடம் ஒரே ஆள் இருந்து பள்ளம் விழுந்த குஷன். அண்ணையின் அளவு இல்லை அது.

நான் கோப்பி போட எழும்பினேன். கோப்பைகள் எங்கே என்று தெரியாமல் அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தேன். அவ எழும்பி வந்து, சரியான கதவைத் திறந்து, மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தா. பிஸ்கட் பேணியையும் எடுத்தா. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் பேணியை மூடி அதே இடத்தில் வைத்தா. பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். அண்ணை இடையில் ஏதோ சொல்லப்போய் தானே சிரித்து, மேசையில் அடித்துச் சிரித்தார். தொலைபேசியில் எனக்குத் தெரிந்த அண்ணை ஓம், இல்லை, பறவாயில்லை என்கிற மூன்று சொல்லோடு நிறுத்துகிறவர். இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவ போனபிறகு கேட்டேன். "அவ ஆர்?"

"நான் வேலை செய்த பண்ணைக்காரரின்ரை மனுசி. அந்தாள் செத்துக் கனகாலம். பக்கத்து வீடுதான்."

"ஒவ்வொரு நாளும் வருவாவோ?"

"ஒரு நாளைக்கு அவ இஞ்சை, ஒரு நாளைக்கு நான் அங்கை."

"அப்பிடி என்ன கதைக்கிறனீங்கள்?"

"என்னத்தை? மழை, மாடு, ஆத்துத் தண்ணி. ஊர்ப் புதினம்." கோப்பைகளைக் கழுவிக்கொண்டு சொன்னார். அதற்கு மேல் ஏதும் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒன்றாகப் பிறகு தோன்றவும் இல்லை. சால்வையை மட்டும் எடுத்து என் சூட்கேஸுக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் நிறைய நடந்தேன். அண்ணைக்கு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வேலை இருந்தது. ஒருவருடைய வேலியைத் திருத்தப் போனார், இன்னொருவருடைய கன்றைப் பார்க்கப் போனார். "வீட்டிலை இரு பிள்ளை, குளிர்," என்பார். வீட்டில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாய்க்கால்களின் நடுவே போகிற ஒற்றைப் பாதையில் போவேன். நிலம் மட்டமாக இருப்பதால் தூரத்தில் ஒரு ஆள் வருவது வெகுநேரம் முன்பே தெரியும். கிட்ட வந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பிறகு மறுபடி யாரும் இல்லை. வயலில் நூற்றுக்கணக்கில் காட்டு வாத்துகள் மேய்ந்துகொண்டிருக்கும். நான் கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்து, எனக்குப் பின்னால் போய் இறங்கும். ஒரு நாள் ஒரு வாய்க்காலைத் தாண்டத் தெரியாமல் நெடுநேரம் சுற்றினேன். மறுகரையில் அண்ணை வீட்டுக் கூரை தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். பாலமோ எங்கேயோ இருந்தது. அந்த இடத்தில் நின்று அழுதேன். வழி தெரியாமல் போனதற்காக இல்லை.

தண்ணீரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவின் முடிவில்தான் ஆறு. ஒரு வசந்தத்தில் பனி உருகியதோடு மழையும் சேர்ந்து ஆறு தெருவுக்கு வந்தது. நாங்கள் கதவடியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு நின்றோம். தண்ணீர் அந்த வழியால் வரவில்லை. பேஸ்மென்ட் நிலத்திலிருந்த கழிவுத் துளையால், கொப்பளித்துக்கொண்டு, கறுப்பாக வந்தது. இவர் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினார். யார் சொல்லியும் நிறுத்தவில்லை. மகளின் பியானோ, என் தையல் மெசின், கலியாண அல்பம் எல்லாம் போனது. சுவர்களை இடுப்பளவுக்கு வெட்டி எறிந்து புதிதாகப் போட்டோம். "இனி வராது," என்று இவர் உறுதியாகச் சொன்னார். அதன்பிறகு வராமல்தான் இருந்தது. இவர்தான் இல்லாமல் போனார். ஆனாலும் பனி உருகத் தொடங்கினால் நான் ஒரு நாளைக்குப் பலதரம் படியிறங்கிப் போய் அந்தத் துளையைப் பார்ப்பேன். இதை நான் மகளுக்குச் சொன்னதில்லை. அண்ணைக்கும் சொன்னதில்லை.

இரண்டாவது கிழமை அண்ணை காலையில் வானொலியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேலை ஜேர்மனியிலை நல்ல மழையாம். நாலைஞ்சு நாளிலை தண்ணி இஞ்சை வந்திடும்."

"வந்தால்?"

"அணையைப் பார்க்கவேணும்."

சொன்னபடியே வந்தது. ஆறு தன் ஓரத்துப் புல்வெளிகளையெல்லாம் விழுங்கி, மரங்களைக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்து, அணையின் அடிவரை அகன்றுவிட்டது. நான் பஸ்ஸால் இறங்கிய அந்த மேடுதான் அணை. அதில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் மண்ணிறத்தில் ஒரு கடல், மற்றப் பக்கம் பள்ளத்தில் கொடியில் காய்கிற உடுப்புகள். ஊர்க்காரர்கள் முறை வைத்து அணையோரம் நடந்து பார்ப்பார்களாம். பெயர் கொடுத்து, பயிற்சி எடுத்தவர்கள். அண்ணையும் அதில் ஒருவர். அலுமாரியிலிருந்து செம்மஞ்சள் நிற மேற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, நுனியில் சின்னக் கொடி கட்டிய தடிகள் கொஞ்சத்தையும் எடுத்தார்.

"நீயும் வாறியோ?" என்றார்.

அந்த மனுசியும் வந்தா, அதே நிறச் சட்டையோடு. மூன்று பேரும் அணையின் உட்புறம், வயல் பக்கமாக, அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். நான் ஆற்றைப் பார்க்கப் பார்க்க, அண்ணை காலடிப் புல்லைக் காட்டினார். "அங்காலை பாக்காதை, இஞ்சாலை பார். எங்கையாவது சொதசொதவெண்டு இருக்கோ, புல்லு சரிஞ்சிருக்கோ, நிலத்துக்குள்ளாலை தண்ணி ஊறுதோ எண்டு பார்."

நான்தான் அதைக் கண்டேன். ஒரு வாய்க்காலின் ஓரத்தில், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில், தண்ணீர் மெல்லக் கொதிப்பதுபோல் கிளம்பிக்கொண்டிருந்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. கழிவுத் துளை என்றுதான் மனம் முதலில் சொன்னது.

"அண்ணை!"

அவர் வந்து முழங்காலில் இருந்து, கையை அதற்குள் விட்டு அள்ளிப் பார்த்தார். விரல்களைத் தேய்த்தார். மனுசியிடம் காட்டினார், அவவும் தேய்த்துப் பார்த்தா. இரண்டு பேருடைய முகமும் மாறியது. "தெளிஞ்ச தண்ணி எண்டால் பறவாயில்லை," என்றார் அண்ணை. "இது மண்ணோடை வருது. அணைக்குக் கீழாலை அரிக்குது." தடியைப் பக்கத்தில் குத்தி நட்டார். தொலைபேசியை எடுத்து, அந்த மொழியில், நிதானமாக, தான் நிற்கிற இடத்தைச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு உழவு இயந்திரம் மணல் மூட்டைகளோடு வந்தது. ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஆளுக்கு ஆள் கைமாற்றி அடுக்கத் தொடங்கியதும் நானும் வரிசையில் போய் நின்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டையின் பாரம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் அந்த ஊற்றின் மேல் மூட்டையைப் போடவில்லை. அதைச் சுற்றி வட்டமாக ஒரு கிணற்றுக் கட்டுப் போல அடுக்கினார்கள்.

"அடைக்கேல்லையோ?" என்று கத்தினேன்.

"அடைச்சால் வேறை இடத்தாலை வெளிக்கிடும்," என்றார் அண்ணை, அடுத்த மூட்டையை வாங்கிக்கொண்டு. "சுத்திவரக் கட்டித் தண்ணியை உயர விட்டால், அந்தப் பாரத்திலை தானா அடங்கும்."

தண்ணீர் கட்டுக்குள் உயர்ந்தது. கொதிப்பது குறைந்தது. நெடுநேரம் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒருவர் கையால் அள்ளிக் காட்டினார். தெளிந்திருந்தது. அண்ணையின் முதுகில் இரண்டு மூன்று கைகள் தட்டின. அவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு அந்த மனுசி வீட்டில் எல்லோருக்கும் பட்டாணி சூப். குசினி நிறைய ஈரச் சப்பாத்தும் நீராவியும் சத்தமும். யாரோ ஒரு பெண் என் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் கேட்டாள், நீங்கள் எங்கிருந்து என்று. மொன்றியல் என்றேன். அங்கேயும் வெள்ளம் வருமா என்றாள். வரும் என்றேன். எங்கள் பேஸ்மென்ட், இவர் வாளியால் அள்ளியது, அதையெல்லாம் சொல்லவேண்டும் என்று அன்றைக்கு ஏனோ உந்தியது. "என் கணவர்..." என்று தொடங்கினேன். அவளுடைய தொலைபேசி அடித்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது மேசையின் மற்றப் பக்கத்தில் வேறு கதை போய்க்கொண்டிருந்தது, அங்கே இருந்துவிட்டாள். அண்ணை நடுவில் இருந்தார். யாரோ அவருடைய கோப்பையில் இன்னும் சூப் ஊற்றினார்கள். நான் சுவரோரம் இருந்து, பாதி ஆறிய என் சூப்பைக் குடித்தேன்.

வெளிச்சம் மங்குமுன் நானும் அவரும் வீட்டுக்கு நடந்தோம். பக்கத்து வீடென்றாலும் நடுவில் ஒரு வயல் இருந்தது. மொன்றியலில் இருந்தபோதே பலமுறை சொல்லிப் பழகிய வசனங்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணை, நீங்கள் என்னோடை வந்திருங்கோவன். வீடு பெரிசு. சும்மா கிடக்குது."

அவர் நடந்துகொண்டே இருந்தார். "நான் அங்கை வந்து என்ன செய்யிறது பிள்ளை?"

"இஞ்சை தனிய இருந்து என்ன செய்யிறியள்?"

வாயால் வந்துவிட்டது. அப்போதுதான் பத்துப் பேர் நிறைந்த குசினியிலிருந்து வந்திருந்தோம். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தனிமையா இருக்கோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம்," என்று வந்தது.

அண்ணை கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் செம்மஞ்சள் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியேல்லை," என்றார் கடைசியில். "அங்கை கோயில் இருக்கு, எங்கடை சனம் எவ்வளவு இருக்கு. போனிலை கேட்டால் சுகம் எண்டுறாய். நான் நினைச்சன், என்ரை தங்கச்சி ஆக்களுக்கு நடுவிலை நல்லா இருக்கிறாள் எண்டு. சில நேரம் எரிச்சலாயும் இருந்தது."

"நான் உங்களைப் பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

"என்னையோ?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு மெல்ல, "முந்தி இருந்தனான்தான்," என்றார். "வந்த புதிசிலை. மாட்டோடை தமிழ் கதைப்பன். இப்ப இல்லை."

அந்த வயலின் நடுவில் அவர் இன்னொன்றும் சொன்னார். "நீ இஞ்சை வந்து இரன்." சொன்னவுடனேயே அது நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் சொன்னார். நான் பார்ப்பம் என்றேன்.

புறப்பட்ட அன்று அந்த மனுசியும் பஸ் நிற்கிற மேடுவரை வந்தா. ஒரு பெரிய துண்டு சீஸைக் கடதாசியில் சுற்றித் தந்தா. ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "அவர் இங்கே நன்றாக இருக்கிறார், நீங்கள் கவலைப்பட வேண்டாம்," என்றா. நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். பஸ் போகும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு தோள்கள். பிறகு ஆறு மட்டும் தெரிந்தது.

பியர்பொன்ட்ஸில் பனி இன்னும் கரி பிடித்த குவியலாகக் கிடந்தது. வீட்டைத் திறந்தபோது இரண்டு கிழமை பூட்டிக்கிடந்த மணம். சீஸைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். அதைத் தனியே தின்று முடிக்க வெகுநாள் ஆனது. மகள் தொலைபேசியில் கேட்டாள், மாமா வாறாராமா என்று. இல்லை, அவருக்கு அங்கை வேலை இருக்கு என்றேன். ஓய்வு எடுத்தவருக்கு என்ன வேலை என்றாள்.

அந்த வசந்தத்தில் ஆறு எங்கள் வேலிவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. கோடையில் நான் வீட்டை விற்பனைக்குப் போட்டேன். ஆற்றங்கரை வீடு என்றதும் பலர் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஓர் இளம் சோடி வாங்கியது. பேஸ்மென்டில் வெள்ளம் வந்ததை மறைக்காமல் சொன்னேன். தெரியும் என்றார்கள், பயமில்லை என்றார்கள். இவரும் அந்த வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இப்போது மொன்றியல் நகருக்குள்ளேயே, ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, இரண்டாம் மாடியில், ஓர் அறை வீட்டில் இருக்கிறேன். காலையில் இறங்கிப் போனால் மரக்கறிக் கடைக்காரர்கள் பொன்ஜூர் என்பார்கள், நானும் பொன்ஜூர் என்பேன். அதற்குமேல் இன்னும் போகவில்லை. ஒருத்திக்கு மட்டும் என் முகம் பழகிவிட்டது. கொத்தமல்லியைக் கேட்காமலே எடுத்துத் தருகிறாள். யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் செங்கல் சுவர். தண்ணீர் எந்தப் பக்கத்தாலும் இங்கே வராது. மழை பெய்தால் எழும்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. ஆனாலும் எழும்பிப் போய், ஓடைபோல் ஓடுகிற தெருவை, அது வடிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.